ஏழு அட்சரம்

கறுவாத்தோட்டத்துக் கந்தோரில்
குளிரூட்டி என் வயலினைவிட உரத்துப் பாடியது.
மேசைக்கு அப்பால் இருந்தவர் நல்லவர்.
பிளேன்ரீ தந்தார். சீனி போதுமா என்று கேட்டார்.
பிறகு சுரத்தாளின் மூன்றாம் பக்கத்தில்
விரலை வைத்தார்:
"இந்த இடத்தில் என்ன இருக்கிறது?"

ஒன்றுமில்லை, ஐயா.
ஏழு அட்சரம் எல்லாரும் நிற்போம்.
வயலின் நிற்கும், ட்ரொம்போன் நிற்கும்,
மேளக்காரர் கையை மடியில் வைப்பார்.

"ஒன்றுமில்லை என்றால் சரி.
அந்த ஒன்றுமில்லையை
மூன்று மொழியிலும் எழுதித் தாருங்கோ.
நல்லிணக்க விழா, பாருங்கோ.
மேலிடம் கேட்கும்."

பாட்டுக்கு வரி கேட்டிருந்தால் கொடுத்திருப்பேன்.
போன வருடம் கொடுத்தேன்.
'தேடி' என்ற சொல்லை வெட்டி
'நாடி' என்று போட்டார்கள்.
எதுகை கெடவில்லை என்று சந்தோசப்பட்டார்கள்.
அதற்கு முந்திய வருடம்
எங்கட மண்டபம் ஒன்றில், எங்கட ஆக்கள்,
சிங்களவன் ஊதினால் மேடை இல்லை என்றார்கள்.
அவர்களும் பிளேன்ரீ தந்தார்கள்.

ஊதுகிறவன் லலந்த.
இராணுவ வாத்தியக் குழுவில் பதினொரு வருடம்.
வெற்றி விழாவன்று காலிமுகத்திடலில்
முன்வரிசையில் ஊதினவன்.
அன்று நான் வெள்ளவத்தையில்
வெடிச்சத்தத்துக்கு யன்னலைச் சாத்திவிட்டு
வயலினை மெத்தைக்குக் கீழே ஒளித்தேன்.
ஏன் என்று இன்றுவரை விளங்கவில்லை.
வயலினைத் தேடி யார் வரப்போகிறார்கள்.

இதை அவனுக்குச் சொன்னதில்லை.
அவன் தன்னுடையதைச் சொன்னதில்லை.
சேர்ந்து எண்ணுகிறோம், அவ்வளவுதான்.

ஒத்திகை அறை தையல்கடைக்கு மேலே.
கீழே மெசின் மிதிப்பது பிலோமினா அக்கா,
கொட்டாஞ்சேனையிலிருந்து இரண்டு பஸ் மாறி வருகிறவ.
மூன்றாம் பக்கம் வந்தால் அவவுக்குத் தெரியும்.
மிதிப்பதை நிறுத்துவா.
மகன் எட்மனின் அளவுநாடா இன்னும்
அந்த மெசினின் கழுத்தில்தான் தொங்குகிறது.

எக, தெக, துன என்று லலந்தவின் உதடு.
ஒன்று, இரண்டு, மூன்று என்று என் கட்டைவிரல்.
அவனுக்கு அடுத்தடுத்து வருவதெல்லாம் எண்.
பஹ. ஹய. ஹத.
எனக்கு ஐந்துக்கு அப்பால்
ஒவ்வொரு முறையும் கால் தடக்குகிறது:
ஆறு.
எண்ணுகிறேனா, கட்டளை போடுகிறேனா?
யார் யாரைப் பார்த்துச் சொல்வது, ஆறு என்று?

மூன்று மொழிக்கும் மூன்று வெற்றுத்தாள் கொடுத்தேன்.
நல்லவர் சிரிக்கவில்லை.
'கிடைத்தது' என்று முத்திரை குத்தினார்.
விழா நடந்தது,
நாங்கள் இல்லாமல், இடைவெளி இல்லாமல்.

பிறகு ஒரு ஞாயிறு
தண்டவாளத்துக்கு அந்தப் பக்கம், கடற்கல்லோரம்
நாலு கதிரை போட்டு, யாரையும் கேளாமல் வாசித்தோம்.
கடலை விற்கிறவர், ஒரு குடைக்குள் இரண்டு பேர்,
நனைந்த காற்சட்டையோடு பொடியள்.
அக்கா வந்திருந்தா. ஞாயிற்றுக்கிழமையும் இரண்டு பஸ்.

மூன்றாம் பக்கம்.
நின்றோம்.
ஒன்று. இரண்டு.
மூன்றில் பாணந்துறைக் கோச்சி வந்தது.

ஒன்பது பெட்டி. கதவில் தொங்கியவர்கள் கூவினார்கள்.
எத்தனை அட்சரம் போனதென்று
கடவுளும் எண்ணியிருக்கமாட்டார்.
லலந்தவின் உதடு அசையவில்லை.
ட்ரொம்போனின் சிறுகதவைத் திறந்து
மணலில் எச்சிலை வடித்துக்கொண்டிருந்தான்,
வெகுநேரம்.
அவ்வளவு எச்சில் அதற்குள் இருக்காது.

கோச்சி போயும் ஒருவரும் தொடங்கவில்லை.
அக்காதான் எண்ணினா, உரத்து,
கடைக்காரருக்குத் துணியளவு சொல்கிற குரலில்:
நாலு.
ஐந்து.

அடுத்ததில் வாயை மூடிக்கொண்டா.
அதன் நேரம் முழுவதும் மூடிக்கொண்டா.

ஏழு, என்றா.

வில்லை எடுத்தேன்.